பழகிக்கொள்ள வேண்டியது யார்?

புதுக் கணினி வாங்கப் போகிறவருக்கு இன்று ஊரே ஒரு புத்திமதி சொல்கிறது. "இன்னும் எத்தனை நாளைக்கு லேப்டாப்பையே கட்டிக்கொண்டு அழுவீர்கள்? டூ-இன்-ஒன் வாங்குங்கள். கீபோர்டை மாட்டினால் லேப்டாப், கழற்றினால் டேப்." கடைக்காரர் சொல்கிறார், யூடியூபில் பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறவர் சொல்கிறார், அலுவலகத்தில் போன மாதம் சேர்ந்த இளைஞரும் சொல்கிறார். தயங்கினால் அடுத்த வாக்கியம் தயாராக இருக்கும்: "முதல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் சார் இருக்கும். பழகிட்டா சரியாயிடும்."

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் என் சண்டை. கருவியில் குறை ஏதுமில்லை, குறையெல்லாம் உங்கள் கையில்தான் என்று அது சொல்லாமல் சொல்கிறது. தயக்கத்துக்கு வயது காரணம், சோம்பல் காரணம், புதியதைக் கண்டால் வரும் பயம் காரணம் என்று அடுக்குகிறது. கருவி மட்டும் காரணமே இல்லையாம்! கடந்த இருபது ஆண்டுக்கு மேலான கதையைப் புரட்டிப் பார்த்தால் நடந்திருப்பது இதற்கு நேர்மாறு. பழகிக்கொள்ளச் சொன்ன நிறுவனங்கள்தான் ஒவ்வொரு முறையும் இறங்கி வந்தன. பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கிய லேப்டாப்காரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கருவி நடந்து அவர்களிடம் வந்தது.

இந்த வாக்குறுதி ஒன்றும் புதிதல்ல. 2001ஆம் ஆண்டு காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் டேப்லட் கணினியைக் காட்டி, ஐந்தாண்டுக்குள் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை இதுவாகத்தான் இருக்கும் என்று கணித்தார். 2002 நவம்பரில் அதற்கென்றே விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்பு வந்தது. திரையில் பேனாவால் எழுதலாம். காம்பேக் டிசி1000 போன்றவற்றில் கீபோர்டைக் கழற்றியும் வைக்கலாம். 2006 வந்தது, போனது. கணித்தபடி எதுவும் நடக்கவில்லை. சாதாரண லேப்டாப்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த முயற்சி 2012இல். முந்தையதைவிடப் பெரிது, முந்தையதைவிட முரட்டுத்தனமானது. விண்டோஸ் 8 வந்தபோது பதினேழு ஆண்டுகளாகத் திரையின் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் காணாமல் போனது. கணினியைத் திறந்தால் வண்ண வண்ணக் கட்டங்கள். அணைப்பது எப்படி என்று பார்க்கவே திரையின் ஓரத்தைத் துழாவ வேண்டியிருந்தது. தொடுதிரையே இல்லாத மேசைக் கணினிக்கும் இதே வேடம்தான். அதே நாளில் வெளிவந்த சர்ஃபேஸ் ஆர்டி கருவியில் வழக்கமான விண்டோஸ் மென்பொருள் எதையும் நிறுவ முடியாது. பார்வைக்கு விண்டோஸ்; ஆனால் நம்மிடம் இருக்கும் எதுவும் அதில் ஓடாது. பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள். மக்கள் பழகவில்லை, வாங்கவும் இல்லை. 2013 ஜூலையில், விற்காமல் தேங்கிய சர்ஃபேஸ் ஆர்டி சரக்குக்காக 90 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் நஷ்டக் கணக்கில் எழுதியது.

அதற்குப் பிறகு பழகிக்கொண்டது யார்? 2013 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8.1இல் ஸ்டார்ட் பட்டன் திரும்பியது. 2015இல் விண்டோஸ் 10இல் ஸ்டார்ட் மெனுவும் திரும்பியது. டேப்லட் பாணி வேண்டியவருக்கு மட்டும் தனியாக ஒரு நிலை கொடுத்தார்கள். 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது அந்தத் தனி நிலையையும் எடுத்துவிட்டார்கள். பயனர்கள் ஓர் அடிகூட நகரவில்லை.

கருவிகளின் பக்கமும் இதுவே. 2014இல் சர்ஃபேஸ் ப்ரோ 3ஐ வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், லேப்டாப்பின் இடத்தை நிரப்பப்போகும் டேப்லட் என்று அதை விளம்பரப்படுத்தியது. மறு ஆண்டே சர்ஃபேஸ் புக் என்ற ஒன்றைக் கொண்டுவந்து அதை லேப்டாப் என்றே அழைத்தது. ஆனால் திரையைக் கழற்றலாம். 2017இல் சர்ஃபேஸ் லேப்டாப். அதில் கழற்ற எதுவும் இல்லை, பெயரிலேயே ஒளிவுமறைவு இல்லை. 2021இல் சர்ஃபேஸ் புக்கின் இடத்துக்கு வந்த சர்ஃபேஸ் லேப்டாப் ஸ்டூடியோவில் திரை மடியும், சாயும், கழலாது. லேப்டாப்பை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் லேப்டாப் வியாபாரிகளாகத் திரும்பிவந்த கதை இது.

ஆப்பிள் கதை இன்னும் சுவையானது. டோஸ்டரையும் ஃபிரிட்ஜையும்கூட ஒன்றாகச் சேர்க்கலாம், ஆனால் அது யாருக்கும் பிடிக்காது என்று 2012இல் டிம் குக் கலப்புக் கருவிகளைக் கேலி செய்தார். மூன்றே ஆண்டில் அவரது நிறுவனமே ஐபேட் ப்ரோவை, ஒட்டவைக்கும் கீபோர்டோடும் பேனாவோடும் வெளியிட்டது. இனி யாராவது ஏன் பிசி வாங்க வேண்டும் என்றும் அவர் கேட்டார். 2017இல் ஒரு விளம்பரம்: ஐபேடும் கையுமாக ஊர் சுற்றும் ஒரு பெண்பிள்ளை, கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாய் என்று கேட்டவரிடம், கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்பாள். கம்ப்யூட்டரே பழங்கதை ஆகிவிட்டது என்பது அதன் தொனி.

அந்தப் பழங்கதையிலிருந்து ஐபேட் பிறகு எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். கோப்புகளை அடுக்கிவைக்க ஓர் இடமே தேவையில்லை என்றிருந்த கருவிக்கு, அந்த விளம்பரம் வந்த அதே 2017இல் ஃபைல்ஸ் செயலி வந்தது. 2019இல் பென் டிரைவைச் செருகிப் படிக்க வழி வந்தது. 2020 மார்ச்சில் மவுஸ், டிராக்பேட் இரண்டுக்கும் முழு இடம் கிடைத்தது. 2025இல் ஐபேட்ஓஎஸ் 26 வந்தபோது, இழுத்துப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் சன்னல்களும், அவற்றை மூடும் பொத்தான்களும், மேலே ஒரு மெனு பட்டையும் வந்து சேர்ந்தன. மவுஸ், கோப்பு, சன்னல், மெனு: 1984இல் அதே நிறுவனம் மேக்கின்டாஷில் கொடுத்த நான்கும் ஒவ்வொன்றாக ஐபேடுக்குள் குடிவந்துவிட்டன. "காலத்துக்கேற்ப மாறுங்கள்" என்று நமக்குச் சொன்னவர்கள் தாங்கள் மாறியதை மட்டும் முன்னேற்றம் என்று அழைக்கிறார்கள். நாம் மாறாமல் இருந்தால் பழக்கதோஷம்!

இது தற்செயல் அன்று. பொருளின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. லேப்டாப்பில் பேட்டரி, மதர்போர்டு, விசிறி எல்லாம் கீபோர்டுக்கு அடியில் இருக்கின்றன. கனம் கீழே, திரை மெல்லியது, லேசானது. அதனால்தான் ரயில் இருக்கையில் மடியில் வைத்தாலும், கட்டிலில் சாய்ந்தபடி முழங்காலில் வைத்தாலும் குப்புற விழாமல் நிற்கிறது. கழற்றும் கணினியில் எல்லாமே திரைக்குப் பின்னால். கனம் மேலே ஏறிவிட்டதால் முதுகில் ஒரு முட்டுக்கால் தேவை. அந்தக் காலை விரிக்க மேசை வேண்டும்; மடியில் வைத்தால் அதன் விளிம்பு தொடையை அழுத்தும், எழுந்தால் சரியும்.

முட்டுக்கால் வேண்டாமென்றால் கீபோர்டைக் கனமாக்க வேண்டும். ஆப்பிள் அதைத்தான் செய்தது. 2020ஆம் ஆண்டின் 12.9 அங்குல ஐபேட் ப்ரோ 641 கிராம். அதைத் தாங்கிப் பிடிக்கும் மேஜிக் கீபோர்டு சுமார் 700 கிராம். கருவியைவிட அதன் துணைப்பொருள் கனம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1.35 கிலோ. அதே ஆண்டின் மேக்புக் ஏர் லேப்டாப் 1.29 கிலோ. சுமை குறையும் என்று நம்பி மாறியவர் அதிகம் சுமக்கிறார். இதில் மனிதர் பழகிக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? புவியீர்ப்போடு பழகச் சொல்கிறார்களா?

தொடுதிரையிலும் இதே கணக்கு. நிமிர்ந்து நிற்கும் திரையை நாள் முழுக்கக் கைநீட்டித் தொட்டால் தோள் வலிக்கும். 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸே மேடையில் இதைச் சொல்லி, லேப்டாப்பில் தொடுதிரை வைக்காததற்குக் காரணமாகக் காட்டினார். அடுத்தது விரல் நுனி. ஐபேடில் தொடும் பொத்தான்கள் ஏறத்தாழ 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது செயலி எழுதும் நிரலர்களுக்கு ஆப்பிள் சொல்லும் பரிந்துரை. எக்செல் கட்டம் ஒன்றின் உயரம் அதைவிடக் குறைவு. நூறு வரிப் பட்டியலில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள கோட்டைப் பிடித்து நகர்த்த மவுஸ் முனை போதும். விரலால் செய்தால் எதையோ தொட்டு எதுவோ திறக்கும். விரலை நிரந்தரமாகச் சிறியதாக்கிக்கொள்ளும் பழக்கம் எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இனிப் பழக்கத்துக்கே வருவோம். அதை ஏதோ ஒரு வியாதி போலப் பேசுகிறார்கள். கணினியில் உழைத்துச் சாப்பிடுகிறவருக்கு அது தொழில் கைவசமாக இருப்பதன் பெயர். தமிழ்நாட்டில் இதை விளக்கவே வேண்டியதில்லை. இளநிலை, முதுநிலைத் தட்டச்சு என்று அரசே தேர்வு நடத்திச் சான்றிதழ் கொடுக்கிறது; குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் தகுதி. விசையைப் பார்க்காமல் அடிக்கும் திறமைக்கு வேலையே உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, கணினிக்கென்றே திட்டமிட்ட தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. அது அறிவுப்பூர்வமாக அமைந்த விசைப்பலகை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பழைய தட்டச்சுப்பொறி முறையில் விரல் ஊறியவர்கள் இன்றும் அந்த முறையிலேயே வேகமாக அடிக்கிறார்கள். நல்ல மென்பொருள் செய்தவர்கள் அவர்களைத் திட்டவில்லை. என்எச்எம் ரைட்டர் போன்றவை தமிழ்99, பாமினி, பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என்று எல்லா முறைகளையும் உள்ளே வைத்து, எது உங்களுக்குக் கைவந்ததோ அதில் அடியுங்கள் என்றன. கருவி மனிதருக்குப் பழகியதற்கு நம் மொழியிலேயே உள்ள நல்ல சான்று இது.

அச்சகங்களையும் டிடிபி மையங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2001க்குப் பிறகு புதிய பதிப்பே வராத பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் மலரும் வடிவமைக்கும் கைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழையதைக் கட்டி அழுகிறார்கள் என்று சிரிப்பது எளிது. இருபது ஆண்டு வாடிக்கையாளர்களின் கோப்புகள் அந்த வடிவத்தில் இருக்கின்றன. நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டிய நோட்டீஸ் அதில் இருக்கிறது. ஐபேடில் அந்த மென்பொருள் ஓடாது. இன்டெல் சில்லு பொருத்திய விண்டோஸ் கலப்புக் கருவியில் ஓடும். அப்படி ஓடுவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் பழைய கணினி. கழற்றும் வித்தையால் அச்சகக்காரருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. "செல்போனிலிருந்து பொத்தான்கள் போனபோதும் இப்படித்தான் புலம்பினீர்கள். இன்று எழுபது வயதுப் பாட்டிகூட வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார். அப்போது பழகியதுபோல் இப்போதும் பழகலாமே?" நியாயமான கேள்வி. ஆனால் பாட்டிக்கு யார் பாடம் எடுத்தார்கள்? பழகினால் சரியாகிவிடும் என்று யார் சமாதானம் சொன்னார்கள்? பேரனின் முகம் தெரிந்தது, கற்றுக்கொண்டார். கருவி கண்முன்னே நன்மை செய்தால் பழக்கம் தானாக வரும். மேசைக் கணினியிலிருந்து லேப்டாப்புக்கு மாறியபோதும் யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. பழைய வேலை முழுவதும் அதில் நடந்தது. அதற்கு மேல் தூக்கிக்கொண்டும் போக முடிந்தது. மாற்றத்துக்கு மனிதர்கள் எதிரிகள் என்பது பொய் என்று இந்த இரண்டு உதாரணங்களே சொல்லும். பிறகு ஏன் கலப்புக் கருவிக்கு மட்டும் இத்தனை ஆண்டுகளாகப் புத்திமதி தேவைப்படுகிறது?

பெருந்தொற்றுக் காலம் இதற்கு ஒரு பரீட்சை வைத்தது. உலகம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு என்றானபோது எல்லா வகைக் கருவிகளும் நன்றாக விற்றன, டேப்லட்டும்தான். ஆனாலும் 2021இல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட மேசைக் கணினிகளும் லேப்டாப்புகளும் சேர்ந்து சுமார் 34 கோடி. டேப்லட் அதில் ஏறத்தாழ பாதி. சாகப்போகிறது என்று ஆரூடம் சொல்லப்பட்ட பிசி, அவசியம் வந்த நேரத்தில் முன்வரிசையில் நின்றது. நம் ஊரிலும் ஒரு சிறு சான்று உண்டு. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. பிறகு அரசு நிறுவனமான எல்காட் கோரிய ஒப்பந்தப்புள்ளி மடிக்கணினிக்குத்தான். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கித்தரும் கருவி அது. அவர்களுக்கு எந்தப் பழக்கதோஷத்தைக் காரணம் காட்டுவது?

பணக்கணக்குக்கு வருவோம். ஒரே விலையில் இரண்டு கருவி என்பது விளம்பரத் தாளில் மட்டும் உண்மை. 2015இல் ஐபேட் ப்ரோவின் தொடக்க விலை 799 டாலர். கீபோர்டு தனியாக 169, பேனா தனியாக 99. விளம்பரப் படத்தில் மூன்றும் சேர்ந்தே இருக்கும், பெட்டிக்குள் ஒன்றுதான் இருக்கும். சர்ஃபேஸ் ப்ரோ 3க்கும் கீபோர்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதனுடன் சேர்த்துக் கொடுத்த பேனாவையும் 2017இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோவில் எடுத்துவிட்டார்கள். லேப்டாப் வாங்குகிறவரிடம் கீபோர்டு வேண்டுமா என்று எந்தக் கடைக்காரராவது கேட்டதுண்டா?

வாங்கியபின் பழுது. பழுதுபார்ப்பின் எளிமையை அளக்கும் ஐஃபிக்ஸிட் குழு, முதல் சர்ஃபேஸ் ப்ரோவுக்கும் சர்ஃபேஸ் ப்ரோ 3க்கும் பத்துக்கு ஒரு மதிப்பெண்தான் கொடுத்தது. திரை பசையால் ஒட்டப்பட்டது. அதைச் சூடாக்கிப் பிரித்தால்தான் உள்ளே போக முடியும். உள்ளே பேட்டரியும் பசையில் உட்கார்ந்திருக்கும். சென்னை ரிச்சி தெருவில் சாதாரண லேப்டாப்பைக் கொடுத்தால் பேட்டரி, கீபோர்டு, எஸ்எஸ்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றித் தருவார்கள். ஐந்து வருடக் கருவி இன்னும் மூன்று வருடம் ஓடும். மெல்லிய லேப்டாப்புகளும் இப்போது மெமரியைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகின்றன என்பது உண்மை. பிற்காலச் சர்ஃபேஸ்கள் பழுதுபார்க்க எளிதாகியிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் இந்த முன்னேற்றம் எதைப் பார்த்து வந்தது? திருகாணியைக் கழற்றினால் திறந்துகொள்ளும் பழைய லேப்டாப்பைப் பார்த்துத்தான்.

இவ்வளவும் சொன்னதால் கலப்புக் கருவி யாருக்கும் ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படம் வரைகிறவருக்குத் திரையிலேயே வரைவது பெரிய வரம். இணையவழி கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர் சமன்பாட்டைக் கையால் எழுத வேண்டும். கீபோர்டில் அது தண்டனை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கும் பொறியாளருக்கும், வார்டு வார்டாக நடக்கும் மருத்துவருக்கும், பிடிஎஃபில் திருத்தம் போடும் பதிப்பாசிரியருக்கும் நின்றபடி ஒரு கையில் பிடிக்கும் திரை வேண்டும். இவர்கள் வாங்கட்டும், வாங்கத்தான் வேண்டும். இவர்களில் யாரும் "எதிர்காலம்" என்று சொல்லி வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலை பேனாவைக் கேட்டது, வாங்கினார்கள். வேலை பேனாவைக் கேட்காதவரிடம் போய் எதிர்காலத்தை விற்பதுதான் தவறு.

ஆகவே மாறலாமா என்று யோசிக்கிறவர் தன்னைத்தானே குற்றக்கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். எனக்கு வயதாகிவிட்டதா, நான் பின்தங்கிவிட்டேனா என்ற கேள்விகள் விற்பனைக்கு உதவும், வாங்குகிறவருக்கு உதவாது. கேட்க வேண்டியவை வேறு. கீபோர்டையும் பேனாவையும் சேர்த்து மொத்த விலை என்ன, மொத்த எடை என்ன? மேசையில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் தட்டச்சு செய்ய முடியுமா? நான் தினமும் திறக்கும் மென்பொருளும் தமிழ் உள்ளிடு முறையும் இதில் அப்படியே ஓடுமா? மூன்றாம் வருடம் பேட்டரி இறங்கினால் மாற்றித் தர ஆள் உண்டா? கீபோர்டைக் கழற்றிய நிலையில் இதை வைத்து நான் செய்யப்போகும் வேலை என்ன? கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராவிட்டால், கழற்றும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

கடையிலேயே கருவியைக் கையில் வாங்கி, உட்கார்ந்து, உங்கள் வேலையை அதில் செய்து காட்டச் சொல்லுங்கள். நிரூபிக்க வேண்டிய கடமை விற்கிறவருடையது, வாங்குகிறவருடையது அன்று. அதையும் மீறி, பழகிட்டா சரியாயிடும் சார் என்று அவர் சொன்னால், கருவி இன்னும் சரியாகவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். இதுவரை அப்படிப் போனவர்கள் நஷ்டப்படவில்லை. ஸ்டார்ட் பட்டனைத் திரும்ப வரவைத்ததும், ஐபேடுக்குள் மவுஸை நுழையவைத்ததும் அவர்கள்தான்.